வாகைகுளமா, நெல்லை எக்ஸ்பிரஸா: சென்னைக்குப் போக எது தோது?

"பிளேன்ல ஒன்றரை மணி நேரந்தானாம்லா, பெறகு என்னத்துக்கு ராத்திரி பூரா ரயில்ல கெடந்து போணும்?" வாகைகுளத்தில் இருக்கிற தூத்துக்குடி விமான நிலையத்தில் புது முனையம் திறந்ததிலிருந்து நம் திருநெல்வேலிப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் இந்தப் பேச்சு இல்லாத பந்தி இல்லை. கேள்வி நியாயமானதுதான். ஒரு பக்கம் ஒன்றரை, இன்னொரு பக்கம் பத்தரை என்று வைத்தால் யாரும் ஒன்றரையைத்தான் எடுப்பார்கள். ஆனால் அந்த ஒன்றரை, டிக்கெட்டில் அச்சாகிற நேரம். பாளையங்கோட்டையில் வீட்டைப் பூட்டுவதிலிருந்து சென்னையில் போய்ச் சேர வேண்டிய வீட்டின் அழைப்பு மணியை அழுத்துவது வரை எவ்வளவு நேரம், அதில் நாம் விழித்துக்கொண்டு கழிக்கிற நேரம் எவ்வளவு என்று பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. அடிக்கடி போய்வருகிறவர்களில் காசுக்குக் கஷ்டமில்லாத பலர்கூட இன்னும் திருநெல்வேலி–எழும்பூர் ராத்திரி ரயிலான நெல்லை எக்ஸ்பிரஸில் கீழ்ப் படுக்கை கிடைக்குமா என்று தேடுவது இதனால்தான்.

முதலில் தூரத்தைப் பார்த்துவிடலாம். தூத்துக்குடி மன்னார் வளைகுடா ஓரத்து ஊர், சென்னை வங்கக்கடல் ஓரத்து ஊர். வாகைகுளத்திலிருந்து சென்னை விமான நிலையம் இருக்கிற மீனம்பாக்கத்துக்கு நேர்கோடு போட்டால் 525 கிலோமீட்டர் சொச்சம். மதுரை, திருச்சி, விழுப்புரம் வழியாகக் காரில் போனால் 600ஐத் தாண்டிவிடும். ரயில் பாதை 650 சொச்சம். திருநெல்வேலியில் ஏறினாலும் தூத்துக்குடியில் ஏறினாலும் ரயில் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு கிளையும் வாஞ்சி மணியாச்சியில் வந்து சேர, அங்கிருந்து ஒரே பாதை. ராமநாதபுரம், தொண்டி, நாகப்பட்டினம் என்று கடலை ஒட்டியே போகிற சாலையும் இருக்கிறது. வேடிக்கை பார்த்துக்கொண்டு போக நல்ல சாலை, சீக்கிரம் போய்ச் சேர இல்லை.

வரைபடத்தில் கிட்ட இருப்பதும் போய்ச் சேர்வதும் வேறு வேறு என்பதற்குத் தூத்துக்குடியே சாட்சி. வாகைகுளத்திலிருந்து கொழும்பு விமான நிலையம் நேர்கோட்டில் 270 கிலோமீட்டர்கூட இல்லை, சென்னைக்கு ஆகிற தூரத்தில் பாதி. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்களை விட்டது இந்தத் தூரத்துக்குத்தான். அந்தக் காலத்தில் மதராஸிலிருந்து வந்த போட் மெயில் ரயில் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஆளை இறக்கிவிட, அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல். 1914இல் தனுஷ்கோடி வழி திறந்ததும் அந்தப் போக்குவரத்து அங்கே நகர்ந்துவிட்டது. 2011இல் தூத்துக்குடி–கொழும்பு பயணிகள் கப்பல் மறுபடி தொடங்கி அந்த வருஷமே நின்றும் போனது. இன்றைக்கு நம் பக்கத்து ஆள் கொழும்புக்குப் போக வேண்டுமென்றால் மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ சென்னைக்கோ போய்த்தான் விமானம் ஏற வேண்டும். சரி, சென்னைக்கு வருவோம்.

விமானம் காற்றில் எவ்வளவு நேரம்?

தூத்துக்குடி–சென்னை தடத்தில் நாம் வழக்கமாகப் பார்த்துப் பழகியது இரண்டு விசிறி வைத்த ஏடிஆர் 72 விமானம். பழைய ஓடுபாதை 1,350 மீட்டர்தான். பெரிய ஜெட் இறங்க அது பற்றாது. 2025 ஜூலை 26ஆம் தேதி பிரதமர் திறந்துவைத்த புது முனையத்தோடு ஓடுபாதையும் 3,115 மீட்டராக நீண்டுவிட்டது. இப்போது ஏர்பஸ் வகை ஜெட்டும் தாராளமாக இறங்கலாம். ஆனால் பாதை நீண்டதால் மட்டும் ஜெட் வந்துவிடாது. அவ்வளவு இருக்கையையும் தினம் நிரப்ப ஆள் வேண்டும். முன்பதிவு செய்யும்போதே என்ன வகை விமானம் என்று காட்டும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏடிஆர் உச்ச வேகத்தில் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் பறக்கும். ஜெட் 800க்கு மேல். அப்படியானால் ஜெட்டில் போனால் நேரம் பாதியாகிவிடுமே என்று தோன்றும். ஆகாது. 525 கிலோமீட்டர் என்பது ஜெட்டுக்கு மேலே ஏறி முடித்த கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்க வேண்டிய தூரம். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, சென்னை வானத்தில் முறைக்குக் காத்திருப்பது, இறங்கி நிறுத்துமிடம் வரை மறுபடி ஊர்ந்து வருவது எல்லாம் இரண்டுக்கும் பொது. மிச்சமாவது இருபது, இருபத்தைந்து நிமிடம் இருக்கலாம். ஆகவே அட்டவணையில் ஏடிஆருக்கு ஒன்றரை மணியும் அதற்குக் கொஞ்சம் மேலும் போட்டிருப்பதைப் பார்த்து, 'ஜெட் வரட்டும், அப்புறம் பார்ப்போம்' என்று யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

விசிறி விமானம் என்றால் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். பயப்பட ஒன்றும் இல்லை, சத்தம்தான் கூட. பின்பக்கத்துச் சின்னப் படிக்கட்டில் ஏறி உள்ளே போனால் இரண்டிரண்டு இருக்கையாக இருக்கும். நடு இருக்கை என்ற தொல்லையே கிடையாது. விசிறி சுழல்கிற இடம் முன்வரிசைகளுக்குப் பக்கம், அதனால் முன்னால் உட்கார்ந்தவர் காதில் இரைச்சல் அதிகம். பின்னால் கேட்டு வாங்கினால் பேசிக்கொண்டு போகலாம். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் எந்த ஜன்னலிலும் கீழே பார்ப்பதற்கு மறைப்பில்லை. ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. கடல் பக்கமாக ஏறுகிற நாளில் தூத்துக்குடி உப்பளங்கள் கட்டம் கட்டமாக, சிலது வெள்ளையாக, சிலது தண்ணீர் கட்டிச் சாம்பல் நிறமாகத் தெரியும். ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கிற காலத்தில் பெரும்பாலும் காற்றை எதிர்த்து நம் ஊர்ப் பக்கமாகவே ஏறித் திரும்பும். ஜெட்டை விடத் தாழ்வாகப் பறப்பதால் ஐப்பசி, கார்த்திகை மேகத்தில் கொஞ்சம் குலுக்கும். வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் அந்த மாதங்களில் கவனம்.

வாசலிலிருந்து வாசல் வரை

இப்போது பாளையங்கோட்டையிலிருந்து தொடங்குவோம். திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து வாகைகுளம் 35 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பாளையங்கோட்டை, கே.டி.சி. நகர் பக்கம் என்றால் இன்னும் குறையும். நாலுவழிச் சாலைதான். காரில் முக்கால் மணி நேரம் போதும். ஆனால் வல்லநாட்டுத் தாமிரபரணிப் பாலத்தில் பராமரிப்பு வேலை நடந்து ஒரு பக்கத்தை அடைத்திருந்தால் அதற்கும் ஒரு கால் மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். தூத்துக்குடிப் பேருந்தில் ஏறியும் போகலாம், மெயின் ரோட்டில் இறக்கிவிடுவார்கள். கையில் ஒரு பை மட்டும் இருந்தால் அதுவே மலிவான வழி. பெட்டியும் பிள்ளையுமாக இருந்தால் டாக்ஸிதான்; டாக்ஸிக்காரர் திரும்பி வருகிற வாடகையையும் சேர்த்துத்தான் கேட்பார்.

உள்நாட்டு விமானத்துக்குப் பெட்டி போடுகிற கவுண்டரைப் பொதுவாக ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். அதனால் ஒன்றரை மணி நேரம் முன்னால் போய்விடுவது நல்லது. வாகைகுளத்தில் சென்னை மாதிரி நீண்ட வரிசை இருக்காது என்பது உண்மை. ஆனாலும் நேரம் நேரம்தான். வீட்டிலிருந்து ஒரு மணி நேரம், அங்கே காத்திருக்க ஒன்றரை, பறக்க ஒன்றரை, மீனம்பாக்கத்தில் இறங்கிப் பெட்டி எடுக்க அரை, அங்கிருந்து சென்னைக்குள் போக முக்கால் முதல் ஒன்றரை. கூட்டினால் ஐந்தே கால் முதல் ஆறு மணி நேரம். ஒன்றரை மணி நேரப் பயணம் அரைநாள் பயணமாகிவிட்டது.

நெல்லை எக்ஸ்பிரஸ் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் கிளம்பி விடிந்த பிறகு எழும்பூர் போகிறது. வீட்டிலிருந்து ஜங்ஷன், வண்டியில் பத்தரை மணி நேர அளவு, எழும்பூரிலிருந்து வீடு எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரம். விமானத்தைப் போல இரண்டு மடங்கு. ஆனால் அந்தப் பன்னிரண்டில் ஏழெட்டு மணி நேரம் தூக்கத்தில் போய்விடுகிறது, அதை எப்படியும் வீட்டில் படுத்துத்தான் கழித்திருப்போம். விழித்திருக்கிற கணக்கு நாலு மணி நேரம். அதிலும் ஒரு மணி நேரம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு எதிர்ப் படுக்கைக்காரரிடம் ஊர் விசாரிப்பதில் போகும். மறுநாள் காலை பத்து மணிக்குச் சென்னையில் வேலை என்றால் ரயில்காரர் பகல் ஒரு நிமிடத்தையும் இழக்கவில்லை. விமானக்காரர் முந்தின நாள் சாயங்காலமே போய் எங்காவது தங்க வேண்டும். இல்லையென்றால் காலை முதல் விமானம் அவருக்குத் தோதான நேரத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விமான அட்டவணை மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் மாறும். போன தடவை இருந்த நேரத்தை நம்பி ஆஸ்பத்திரியில் டோக்கன் போட்டுவிடக் கூடாது.

ரயிலில் தூக்கமே வராதவர்களுக்கு இந்த வாதம் பொருந்தாது, ஒத்துக்கொள்கிறேன். மணியாச்சியில் வண்டி நின்றால் விழிப்பு, மதுரையில் டீ விற்கிற குரலுக்கு விழிப்பு, திருச்சியில் ஏறுகிறவர் விளக்கைப் போட்டால் விழிப்பு என்று போகிறவர்களுக்கு அது பன்னிரண்டு மணி நேரமேதான். அவர்கள் விமானத்துக்குக் கொடுக்கிற காசு வீண் இல்லை.

வந்தே பாரத் எங்கே பொருந்தும்?

2023 செப்டம்பர் 24இல் தொடங்கிய திருநெல்வேலி–எழும்பூர் வந்தே பாரத்துக்கு எட்டு மணி நேரத்துக்குள்தான். எட்டுப் பெட்டியோடு தொடங்கியது, கூட்டம் தாங்காமல் பிறகு பெட்டிகளைக் கூட்டினார்கள். வேகமான வண்டி, சுத்தமான வண்டி, சந்தேகமில்லை. ஆனால் காலை ஆறு மணி வாக்கில் கிளம்பி மத்தியானம் இரண்டு மணி வாக்கில் சேர்கிறது. சென்னைக்குப் போகிற நாளில் உருப்படியாக வேறு வேலை எதுவும் பார்க்க முடியாது. விழித்திருக்கிற கணக்கில் பார்த்தால் மூன்றிலும் அதிக நேரம் தின்பது இதுதான்: வாசலிலிருந்து வாசல் ஒன்பது மணி நேரம், முழுவதும் உட்கார்ந்தபடி. மதுரைக்கோ திருச்சிக்கோ போக இதற்கு இணை கிடையாது. சென்னை வரை போக முட்டிவலிக்காரர்கள் யோசிக்க வேண்டும்.

திரும்பி வருகிற வண்டிதான் இதில் விசேஷம். எழும்பூரில் மத்தியானம் மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் கிளம்பி ராத்திரி பதினொரு மணிக்குள் ஜங்ஷனில் விட்டுவிடுகிறது. ஆக, முந்தின ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி, காலை எழும்பூரில் இறங்கி, பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் வேலையை முடித்துக்கொண்டு வந்தே பாரத்தில் திரும்பினால், ஓட்டல் அறை எடுக்காமல் ஒரே நாளில் போய்வந்துவிடலாம். பாஸ்போர்ட், தூதரகம், கோர்ட்டில் ஒரு கையெழுத்து மாதிரி அரைநாள் வேலைகளுக்கு நான் யார் கேட்டாலும் சொல்வது இந்த ஜோடியைத்தான். வாரத்தில் ஒரு நாள் வந்தே பாரத் ஓடாது, செவ்வாய்க்கிழமை. இதை மறந்துவிட்டுத் தேதி போட்டால் ஜோடி உடைந்துவிடும்.

காசுக் கணக்கு

ஸ்லீப்பர் 400 ரூபாயைச் சுற்றி, மூன்றடுக்கு ஏசி ஆயிரத்தைச் சுற்றி, வந்தே பாரத் சேர்கார் 1,600ஐச் சுற்றி. ஆம்னி பஸ் சாதாரண நாளில் ஏசி ரயிலோடு போட்டி போடும், விசேஷ நாளில் விமானத்தோடு போட்டி போடும். விமானத்துக்கு இன்ன விலை என்று சொல்லவே முடியாது; முன்கூட்டி எடுத்தால் மூவாயிரம் சொச்சத்திலும் கிடைக்கும், கடைசி நேரத்தில் அதைப் போல இரண்டு மூன்று பங்கும் ஆகும். அதோடு வாகைகுளம் டாக்ஸியையும் மீனம்பாக்கத்துக் கார் வாடகையையும் சேர்க்க வேண்டும். இதைச் சேர்க்காமல்தான் பலர் 'ஏசி ரயிலை விட ரெண்டாயிரம்தான் கூட' என்கிறார்கள். தனி ஆளுக்கு இந்த வித்தியாசம் தாங்கும். புருஷன், பொஞ்சாதி, இரண்டு பிள்ளைகள் என்று நாலு பேர் போய் வந்தால் அந்த வித்தியாசத்தில் பிள்ளைகளுக்கு ஒரு தவணை பள்ளிக்கூடச் செலவைக் கொஞ்சம் தேற்றிவிடலாம்.

எந்த ஊர்க்காரருக்கு எது

திருநெல்வேலிச் சீமை என்று ஒரே பெயரில் சொன்னாலும் எல்லோருக்கும் ஒரே விடை கிடையாது. ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, சாயர்புரம் பக்கத்துக்காரர்களுக்கு வாகைகுளம் வீட்டுப் பக்கம். தூத்துக்குடிக்காரருக்கோ இருபது கிலோமீட்டருக்குள். இவர்களுக்கு விமானக் கணக்கில் அரை மணி நேரம் மிச்சம். முத்துநகர் எக்ஸ்பிரஸும் இருப்பதால் தூத்துக்குடிக்காரர் இரண்டு பக்கமும் கொடுத்துவைத்தவர்.

தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் என்றால் விஷயம் வேறு. வாகைகுளம் போகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், திருநெல்வேலியைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர்களுக்குச் செங்கோட்டையிலிருந்தே பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ராஜபாளையம், விருதுநகர் வழியாகப் போகிறது, ஜங்ஷனுக்கு வரவே வேண்டாம். தென்காசிக்காரர் அவசரம் இல்லாமல் விமானத்தை நினைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு பக்கத்தில் திருவனந்தபுரத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அங்கே சென்னைக்கு ஜெட் விமானங்கள் உண்டு, நேர்கோட்டுத் தூரம் 610 கிலோமீட்டர் சொச்சம். ஆனால் நாகர்கோவில் தாண்டி மார்த்தாண்டம், நெய்யாற்றின்கரை நெரிசலில் போகிற நேரத்தைச் சொல்லி முடியாது. வெளிநாட்டுக்குப் போக திருவனந்தபுரம் சரி. சென்னைக்குப் போக அவ்வளவு தூரம் மேற்கே போய்க் கிழக்கே திரும்புவது சுற்று. மதுரை விமான நிலையம் திருநெல்வேலியிலிருந்து 150 கிலோமீட்டர் அளவில், நாலுவழிச் சாலையில் இரண்டு, இரண்டரை மணி நேரம். வாகைகுளத்தில் இடம் கிடைக்காத நாளுக்கு அது மாற்று, வழக்கத்துக்கு இல்லை. மதுரை வரை போய்விட்ட ஆளுக்கு மிச்சம் 415 கிலோமீட்டர்தான் நேர்கோட்டில். அதற்கு மறுபடி காத்திருந்து, சோதனை முடித்து, பறப்பதற்குள் காரிலேயே திருச்சியைத் தாண்டிவிடலாம்.

சென்னையில் எங்கே போகிறோம் என்பதும் இதே அளவுக்கு முக்கியம், ஆனால் அதை யாரும் கேட்பதில்லை. மீனம்பாக்கம் விமான நிலையத்தோடு மெட்ரோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, எதிரே திரிசூலம் மின்ரயில் நிலையம். கிண்டி, ஆலந்தூர், பல்லாவரம், குரோம்பேட்டை என்றால் இறங்கின கையோடு வீடு. பெரம்பூர், அண்ணாநகர், வியாசர்பாடி என்றால் எழும்பூரில் இறங்குவதுதான் பக்கம். அங்கேயும் மெட்ரோ உண்டு. தாம்பரம் பக்கத்து ஆட்கள் ரயிலில் எழும்பூர் வரை போக வேண்டியதில்லை. காலையில் தாம்பரத்தில் வண்டி நின்றதும் பாதிப் பெட்டி காலியாவதைப் பார்த்தாலே தெரியும், நம் ஊர்க்காரர்கள் எங்கே வீடு கட்டியிருக்கிறார்கள் என்று.

ஆம்னி பஸ்ஸை நான் இதுவரை ஒதுக்கியே பேசிவிட்டேன். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த பிறகு, தெற்கே இருந்து போகிற பேருந்துகள் வண்டலூருக்குத் தெற்கேயே நின்றுவிடுகின்றன. கோயம்பேட்டுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு அது பெரிய சங்கடம், அங்கிருந்து நகருக்குள் போக இன்னொரு பயணம். ஆனால் சிறுசேரி, கேளம்பாக்கம் ஐடி கம்பெனிப் பிள்ளைகளுக்கு அதுவே அதிர்ஷ்டம். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கத்துக்கு நேர் சாலை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் பஸ் ஏறுகிற பையன் திங்கட்கிழமை காலை குளித்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறான். அவனிடம் விமானத்தைப் பற்றிப் பேசினால் சிரிப்பான்.

கேதம் என்று செய்தி வந்தால்

அவசரத்துக்கு விமானம்தான் என்று எல்லோரும் நினைக்கிறோம். பகலில் செய்தி வந்தால் சரி. சாயங்காலம் ஏழு மணிக்குச் சென்னையிலிருந்து போன் வருகிறது, பெரியத்தான் தவறிவிட்டார் என்று. அன்றைய கடைசி விமானம் போயிருக்கும். மறுநாள் காலை விமானத்தைப் பிடித்து, மேலே சொன்ன கணக்குப்படி வீட்டுக்குப் போய்ச் சேர மத்தியானம் நெருங்கிவிடும். அதே ஏழு மணிக்குக் காரை எடுத்தால் விடிகாலை ஐந்து மணிக்கு முன் அங்கே நிற்கலாம். ராத்திரியில் ஒரே டிரைவர் பத்து மணி நேரம் ஓட்டுவது ஆபத்து, மாற்றி ஓட்ட ஆள் இருந்தால் மட்டும். ஒன்பது மணி பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் காலை எட்டுக்குள் கிளாம்பாக்கம். காலையில் எடுக்கிறார்கள் என்றால் 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிற வண்டி பிந்திவிடும், சக்கரம் வைத்த வண்டி முந்திவிடும். மாறாகக் காலை ஆறு மணிக்குச் செய்தி வந்து மாலையில் எடுக்கிறார்கள் என்றால் விமானத்தைத் தவிர வேறு வழியே இல்லை. அன்று எவ்வளவு கேட்டாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அவசரம் என்று மட்டும் பார்க்காமல் மணி எத்தனை என்றும் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

நம் ஆட்களின் இன்னொரு சங்கதி சாமான். மகள் வீட்டுக்குப் போகிற அம்மா வெறுங்கையோடு போவதில்லை. கருப்பட்டி, அரிசி, வத்தல், இடித்த மிளகாய்ப் பொடி, இரண்டு கிலோ அல்வா, தூத்துக்குடி மக்ரூன். விமானத்தில் உள்ளே போடுகிற பெட்டிக்கு வழக்கமாக 15 கிலோ, கையில் 7 கிலோ. அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் காசு. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயைக் கைப்பையில் விடமாட்டார்கள். கொப்பரைத் தேங்காய் எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் அதற்கும் தடை. ஏடிஆரில் தலைக்கு மேலே இருக்கிற தட்டும் சின்னது, பெரிய டிராலியைப் படிக்கட்டு அடியிலேயே வாங்கி வைத்துக்கொள்வது உண்டு. ரயிலில் ஸ்லீப்பருக்கே 40 கிலோ இலவசம், அதையும் யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. அரிசிச் சிப்பம் கொண்டுபோகிற அத்தையை விமானத்தில் அனுப்புகிற மருமகன், கவுண்டரில் கூடுதல் எடைக்குக் கார்டைத் தேய்க்கத் தயாராகப் போகட்டும்.

மழைக்காலத்தில் எதை நம்புவது? 2023 டிசம்பரைப் பார்த்தவர்கள் எதையும் நம்பமாட்டார்கள். மாத ஆரம்பத்தில் மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். இரண்டு வாரத்தில், 17, 18 தேதிகளில் நம் பக்கம் கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி அரித்துப்போய், சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் 800 பயணிகள் அளவில் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டது. சாதாரண மழைக்கு ரயில் தாமதமாகவாவது போய்ச் சேரும்; விமானம் சென்னையில் இறங்க முடியாவிட்டால் வேறு ஊருக்குத் திருப்பிவிடுவார்கள் அல்லது ரத்து செய்வார்கள். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மறுநாள் தவிர்க்க முடியாத வேலை இருப்பவர்கள் ஒரு நாள் முன்னதாகக் கிளம்புவதுதான் வழி, எதில் போனாலும். போகிப் பண்டிகை அன்று காலைச் சென்னை விமானத்தை எடுக்க வேண்டாம். 2018 போகியன்று பனியும் புகையும் சேர்ந்து ஓடுபாதை தெரியாமல் விமானங்களைத் திருப்பிவிட்டார்கள்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். பொங்கல் டிக்கெட் நவம்பர் நடுவில் திறக்கும், எட்டு மணிக்குத் திறந்தால் நெல்லையும் முத்துநகரும் சில நிமிடத்தில் காத்திருப்புப் பட்டியலுக்குப் போய்விடும். தட்கல் முந்தின நாள், ஏசிக்குப் பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினொரு மணி; 2025 ஜூலையிலிருந்து இணையத்தில் எடுக்க ஆதார் இணைத்த கணக்கு வேண்டும். விமான டிக்கெட் அதற்கு மாதக்கணக்கில் முன்பே விற்பனைக்கு வந்துவிடுகிறது. ரயில் கிடைக்குமா என்று பார்த்துவிட்டு விமானத்துக்குப் போகலாம் என்று நவம்பர் வரை காத்திருந்தால் அதற்குள் அதன் விலையும் ஏறிவிட்டிருக்கும். வருஷம் தவறாமல் வருகிற பிள்ளைகள் செப்டம்பரிலேயே விமானத்தில் வருகிற பயணத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, திரும்புகிற பயணத்துக்கு ரயிலைப் பார்க்கலாம். காணும் பொங்கல் கழித்து இரண்டு நாள் தள்ளித் திரும்பினால் அதில் இடம் கிடைக்கிற வாய்ப்பு கூடும்.